கலை கற்ற பிள்ளைக்கு ஓர் இடம்



சென்ற மே திங்களின் கடைசி வாரத்தில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு தந்தையும் மகனும் என்னைத் தேடி வந்தனர். தந்தை விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையொன்றில் இருபது ஆண்டுகளாக அச்சு வார்ப்பவர். நாள்தோறும் பேருந்தில் போய் வருகிறவர். மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தான். உட்காரச் சொன்னேன். தந்தை உட்காரவில்லை. கையிலிருந்த துணிப்பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சாமி, இவன் ஓவியப் படிப்புக்குப் போகிறேன் என்கிறான். நான் தடுக்கவில்லை. படித்து முடித்தபிறகு எங்கே உட்கார்ந்து, என்ன வேலை செய்து, எதைச் சாப்பிடுவான்? அதை மட்டும் எனக்குச் சொல்லிவிடுங்கள்.”

நானும் இத்தகைய வேளைகளில் குருக்கள் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். தாலந்து உவமையை எடுத்துக்கூறி, ஆண்டவர் கொடுத்ததைப் புதைத்து வைக்கலாகாது என்றேன். அவர் சற்றும் தயங்காமல், “புதைத்தவனுக்காவது ஒரு குழி நிலம் இருந்தது சாமி. இவனுக்கு அதுவும் இல்லையே” என்றார். குருமடத்தில் ஆண்டுக்கணக்காக விவிலியம் பயின்ற எனக்கு அதற்கு மறுமொழி கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரத்தில் படித்தவையும் எண்ணியவையுமே இம்மாதப் பக்கம்.

முதலில் அந்தப் பொம்மையைப் பற்றிச் சொல்லவேண்டும். விருத்தாசலத்துப் பட்டறைகளில் பொம்மை செய்யும் முறையைப் பலர் கண்டிருப்பீர்கள். களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்புறத்தில் ஓர் ஏடுபோல மண் படியும். எஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டு, ஈரம் சற்று வற்றியபின் அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை நிற்கும். அச்சு ஒன்றேயாதலின் ஆயிரம் பொம்மைக்கும் ஒரே முகம். இந்தப் பிள்ளை, விடுமுறையில் தந்தைக்கு உதவப் போனபோது, அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மை ஒன்றின் முகத்தைச் சிறு கத்தியால் மாற்றியிருக்கிறான். குடத்தோடு நிற்கும் அழகிய பெண்ணின் முகம் போய், கன்னம் ஒட்டிய ஒரு மூதாட்டியின் முகம் வந்திருந்தது. அவனுடைய பாட்டியாம். உலையில் ஒரு காது விரிந்துவிட்டது. ஆயினும் அம்முகத்தைப் பார்த்தவர் எவரும் அதை அச்சுப் பொம்மை என்று சொல்லமாட்டார்.

“இதை யார் கற்றுக்கொடுத்தார் தம்பி?” என்றேன். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கோயில் மண்டபத்தில் நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்கள் உள்ளன அல்லவா? அங்கே பாய்ந்து நிற்கும் குதிரைகளை ஐந்தாம் வகுப்பிலிருந்தே பார்த்துப் பார்த்து வரைந்து வந்ததாகச் சொன்னான். ஆசிரியர் என்று வேறு எவரும் இல்லை.

அந்தத் தந்தையின் கேள்வி புதியதன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், சென்னை அரசினர் கலை, கைத்தொழில் கல்லூரியின் தலைவராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் இதே கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொண்டவர். அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளியே பின்னாளில் அக்கல்லூரியாக வளர்ந்தது. உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவர். அவருக்குப்பின் 1957-இல் பணிக்கர் பொறுப்பேற்றார். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், இளமையிலேயே தந்தையை இழந்து, குடும்பத்தைத் தாங்கத் தந்தி இலாகாவிலும் காப்புறுதித் தொழிலிலும் உழைத்து, இருபத்தைந்து வயதில்தான் கலைப்பள்ளியில் மாணவராய்ச் சேர முடிந்தது. ஆகவே வறுமை கலைஞனை என்ன செய்யும் என்பதை அவர் நூலில் படித்து அறிந்தவர் அல்லர்.

அவர் கண்டது இதுதான். கல்லூரியில் ஐந்தாறு ஆண்டுகள் பயின்று, கைதேர்ந்து, வெளியே போன மாணவர் பலர் இரண்டு ஆண்டுகளுக்குள் தூரிகையைக் கைவிட்டனர். சிலர் விளம்பரப் பலகை எழுதினர், சிலர் எழுத்தர் வேலைக்குப் போயினர். திறமை குறைந்ததால் அல்ல. பணிசெய்ய ஓர் அறை, வண்ணம் வாங்கக் காசு, செய்ததைப் பார்த்துப் பேச நாலு பேர், இம்மூன்றும் இல்லாமற்போனதால். அக்காலச் சென்னையில் நவீன ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பணிக்கரும் அவருடைய மாணவரும் அதற்குக் கண்ட வழி மிக எளியது. ஓவியம் விற்கவில்லையானால் விற்பதைச் செய்வோம் என்றனர். கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, பத்திக் துணிகளை உருவாக்கினர். துணியின்மேல் உருகிய மெழுகால் கோலம் வரைந்து, சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கினால் மெழுகு இருந்த இடம் சாயம் ஏறாமல் நிற்கும். ஓர் ஓவியத்தின்முன் நின்று விளங்காமல் திரும்பிப்போன குடும்பத்தார், அதே கை வரைந்த பத்திக் துணியை மகிழ்ச்சியோடு வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டனர். அந்த வருவாயைப் பங்கிட்டுச் செலவழித்துவிடாமல் சேர்த்துவைத்தனர். 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலோர மணல்வெளியில் சில ஏக்கர் நிலம் வாங்கினர். ஏறக்குறைய முப்பது கலைஞர்கள் அதில் சேர்ந்தனர். அரசு மானியமும் இல்லை, செல்வரின் நன்கொடையும் இல்லை. அதுவே சோழமண்டலம் கலைஞர் கிராமம்.

தொடக்கத்தில் மின்சாரம் இல்லை. ஓலைக் கொட்டகைகளே வீடு, அவையே பணிக்கூடம். நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, எஞ்சிய பகுதி தத்தம் கலைக்கு என்று வாழ்ந்தனர். துணியில் மெழுகிட்ட கை மாலையில் ஓவியத் திரைக்குத் திரும்பிற்று. மாமரத்தடியில் உட்கார்ந்து கற்பிப்பதுபோல் அங்கே பாடம் எதுவும் நடக்கவில்லை. பக்கத்துக் கொட்டகையில் ஜே. சுல்தான் அலி வரைவதைப் பார்ப்பதும், எதிர்க் கொட்டகையில் ஒருவர் செப்புத் தகடு தட்டுவதைப் பார்ப்பதும், “இது சரியில்லை” என்று நண்பன் முகத்துக்கு நேரே சொல்வதைத் தாங்கிக்கொள்வதுமே பயிற்சி. எம். சேனாதிபதி, எஸ்.ஜி. வாசுதேவ், பி. கோபிநாத், சிற்பி எஸ். நந்தகோபால், பாரிசுக்குப் போய்ப் பெயர்பெற்ற வி. விசுவநாதன் என்று அம்மணலிலிருந்து எழுந்தோர் பலர். பணிக்கர் 1977-இல் மறைந்தார். கிராமம் மறையவில்லை.

இங்கே ஒரு துயரத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கே. ராமானுஜம் என்றோர் இளைஞர். 1941-இல் பிறந்தவர். பேச்சுத் தடுமாறும், பிறரோடு பழக வராது. பள்ளிப் படிப்பில் தேறாத அப்பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பணிக்கர் கண்டுகொண்டு, கல்லூரியிலும் பின்னர் கிராமத்திலும் இடம் தந்தார். மை எழுதுகோலால் அவர் எழுப்பிய மாளிகைகளும் பறக்கும் உருவங்களும் இன்று பெரிய சேகரிப்புகளில் உள்ளன. ஆனால் 1973-இல், முப்பத்திரண்டு வயதில், அவர் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். இடம் கிடைத்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று அந்தத் தந்தைக்கு நான் சொல்லத் துணியாததற்கு இதுவும் ஒரு காரணம். மென்மையான மனம் படைத்த பிள்ளைகளுக்குப் பணிக்கூடத்தோடு, “சாப்பிட்டாயா?” என்று கேட்க ஒருவரும் வேண்டும்.

ஈஞ்சம்பாக்கம் இன்று மணல்வெளியன்று, மாநகரின் பகுதி. 2009-இல் அங்கே சென்னைக் கலை இயக்கத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் கொண்ட அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னைக்குப் போகும் குடும்பங்கள் கடற்கரையோடு நின்றுவிடாமல் அதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் இன்று முப்பது இளைஞர் துணி விற்ற காசைத் திரட்டி அங்கே ஒரு மனையேனும் வாங்க இயலுமா? நிலத்தின் விலை அந்த வழியை அடைத்துவிட்டது. எனவே அதே வழியை இப்போது வேறிடங்களில் தேடவேண்டியிருக்கிறது.

களிமண்ணைப் பற்றியே கேட்டால் இன்னும் அருகில் புதுச்சேரியில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்கலப் பட்டறையை நிறுவினர். தட்டு, கோப்பை, கூசா என்று வீட்டுக்கு வேண்டிய உறுதியான சுட்ட கலங்களைச் செய்து விற்றதில் பட்டறை நடந்தது. அந்த உலையின் அருகிலேயே பின்னாளில் மாணவரைச் சேர்த்து, மாதக்கணக்கில் தங்கவைத்துப் பயிற்சியளித்தனர். இன்று இந்தியாவில் மண்ணைக் கொண்டு சிற்பம் செய்வோரில் பெயர் பெற்ற பலர் அங்கே மண் பிசைந்தவர்களே. பத்திக்கும் கோப்பையும் வேறு வேறு பொருள்கள். இரண்டும் செய்த வேலை ஒன்று.

இதே வழியைக் கடல்கடந்து ஆப்பிரிக்கக் கண்டத்திலும் காண்கிறேன். அங்கே இதைத் தொடங்கியோரில் மறைபரப்புநர் சிலரும் இருந்தனர் என்பது நம் வாசகர் பலருக்குப் புதிய செய்தியாயிருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களுக்குக் கலைக்கல்வியின் கதவு ஏறக்குறைய மூடியே கிடந்த நிறவெறிக் காலம். 1960-களின் தொடக்கத்தில் சுவீடனிலிருந்து வந்த பீடர், உல்லா கோவெனியஸ் தம்பதியர், லுத்தரன் திருச்சபையின் ஆதரவில், ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சிற்றூரில் ஒரு கலை, கைவினை நிலையத்தை அமைத்தனர். பெண்கள் கம்பளச் சித்திரத் திரைகளை நெய்தனர், மட்கலம் வனைந்தனர். அவை விற்ற பணமே நிலையத்துக்குக் கைகொடுத்தது. 1968-இல் அங்கே ஓவியப் பிரிவும் தோன்றியது. அப்பிரிவில் புகழ்பெற்றது லினோ அச்சுப் படம். தரைவிரிப்பாகப் போடும் லினோலியத் துண்டு, செதுக்கக் கூரிய ஆயுதம், கொஞ்சம் கறுப்பு மை, காகிதம், இவ்வளவே முதல். ஏழைக்கு ஏற்ற கலை. மருத்துவமனையில் நோயாளியாகக் கிடந்த காலத்தில் இத்தொழிலைக் கற்ற அஸாரியா ம்பாத்தா விவிலியக் காட்சிகளைத் தம் மக்களின் முகங்களோடு செதுக்கினார். நமீபியா நாட்டு ஜான் முஃபாங்கெஜோ தம் ஊரையும் துயரையும் செதுக்கினார். 1982-இல் ஓவியப் பிரிவு மூடப்பட்டது. நெசவும் மட்கலமும் தொடர்ந்து நடந்தன. அந்தத் தந்தைக்கு நான் இதை விரிவாகச் சொன்னேன். கலைப்பிரிவு சாய்ந்தபோதும் கைத்தொழில் நின்றது என்பதைக் கேட்டதும் அவர் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

நைஜீரியாவில் நிகழ்ந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. 1947-இல் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபைக் குருவான கெவின் கரோல், யொரூபா மக்களின் ஓயே-எக்கிட்டி என்னும் ஊரில் மரச்சிற்பப் பட்டறை ஒன்றைத் தம் சபைக் குரு ஒருவரோடு சேர்ந்து தொடங்கினார். ஐரோப்பியப் படங்களைக் காட்டி, இதைப்போலச் செதுக்கு என்று அவர் கேட்கவில்லை. பரம்பரைச் சிற்பியான பண்டேலேயை அழைத்து, விவிலியக் கதையைச் சொல்லிவிட்டு, உங்கள் முன்னோர் செதுக்கிய முறையிலேயே செதுக்குங்கள் என்று விட்டுவிட்டார். ஆகவே அங்கே மூவரசர்கள் யொரூபா மன்னர்களாகக் குடிலுக்கு வந்தனர். பண்டேலேயிடம் அங்கே தொழில் பயின்றவர் லமிடி ஃபக்கெயே. தலைமுறை தலைமுறையாகச் சிற்பத் தொழில் செய்த இஸ்லாமியக் குடும்பத்தவர். கத்தோலிக்க ஆலயங்களின் கதவுகளில் திருக்காட்சிகளைச் செதுக்கிய அவர் பின்னாளில் இஃபே பல்கலைக்கழகத்தில் கலை கற்பித்து 2009-இல் மறைந்தார். முஸ்லிம் சிற்பி ஆலயக் கதவு செய்தாரா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். ஸ்ரீமுஷ்ணத்தார் உயர்த்தமாட்டார்கள். மாசி மகத்துக்குப் பூவராகர் கிள்ளைக்கு எழுந்தருளும்போது அங்குள்ள இஸ்லாமியப் பெருமக்கள் வரவேற்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நமக்கு அண்மையிலுள்ள கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் நம் அன்னையைத் தமிழ்ப்பெண் கோலத்தில் நிறுத்தி, பெரியநாயகி என்று பெயரிட்டு வணங்கச் செய்ததும் இதே உணர்வினால் அன்றோ? இன்று நம் ஆலயங்கள் பல, விலைப்பட்டியலைப் பார்த்து ஒரே அச்சில் வார்த்த சுரூபங்களை வருவிக்கின்றன. இதில் என் பங்கும் உண்டு. நானும் அப்படி வருவித்தவனே.

அண்மைக்காலத்திலும் அங்கே இம்முயற்சி தொடர்ந்தது. 1991-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில், முன்பு சாக்குப்பை செய்த தொழிற்சாலைக் கட்டடத்தை அறை அறையாகப் பிரித்து, ஓவியர்க்குப் பணிக்கூடமாக்கினர். ஓவியர் டேவிட் கோலோவானே அதை நிறுவியோரில் ஒருவர். அதன் பெயரே பேக் ஃபேக்டரி. பெயர்பெற்ற ஓவியரும் நேற்றுக் கல்லூரியைவிட்டு வந்த இளைஞரும் அடுத்தடுத்த அறைகளில் வேலை செய்தனர்.

கோலோவானே ஓவியர் மட்டுமல்லர், பிறருடைய படைப்புகளைத் தேர்ந்து காட்சிக்கு வைத்தவரும்கூட. ஆங்கிலத்தில் இவர்களைக் கியூரேட்டர் என்பர். காட்சி அமைப்பாளர் எனலாம். ஆணியடித்துப் படம் மாட்டுவோர் என்று நானும் வெகுநாள் எண்ணியிருந்தேன். அவ்வாறன்று. எதை எதனருகில் வைப்பது, எந்த ஒளியில் வைப்பது, பார்க்க வருகிறவருக்கு என்ன எழுதிக் கொடுப்பது, செய்தவரின் பெயரும் ஊரும் காலமும் மறையாமல் எப்படிப் பதிவது, இவையெல்லாம் அவர்கள் பொறுப்பு. லேகோஸ் நகரில் 2007-இல் தற்காலக் கலை மையம் ஒன்றைத் தொடங்கிய பிசி சில்வா அம்மையார், இவர்கள் போதிய அளவில் இல்லாமையே ஆப்பிரிக்கக் கலையின் பெருங்குறை என்று கண்டார். 2010 முதல் ‘ஆசிகோ’ என்ற பெயரில் ஒரு நடமாடும் பள்ளியை நடத்தினார். பல நாடுகளின் இளம் ஓவியரையும் இளம் காட்சி அமைப்பாளரையும் சில வாரங்கள் ஒரே இடத்தில் கூட்டினார். ஓராண்டு லேகோஸில் என்றால், பின் வந்த ஆண்டுகளில் அக்ராவில், டாக்காரில், மாப்புட்டோவில், அடிஸ் அபாபாவில். செய்கிறவனும் காட்டுகிறவனும் ஒன்றாகவே வளரவேண்டும் என்பது அவர் கருத்து. அவர் 2019-இல் காலமானார்.

நம்மிடமும் இக்குறை இருந்தது. சென்னைக் கலைஞர் செய்தது வடக்கே வெகுகாலம் போதிய அளவு பேசப்படாததற்குக் காரணம், செய்தவர் பலரும் எழுதியவர் சிலருமாய் இருந்ததே. முற்போக்கு ஓவியர் சங்கத்தார் 1961-இல் தொடங்கிய ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ இதழும், கலை விமரிசகர் ஜோசப் ஜேம்ஸ் எழுதியவையும் இல்லாவிடில் சோழமண்டலத்தின் முதல் பக்கங்களே நமக்குக் கிடைத்திரா. விருத்தாசலத்துப் பீங்கானுக்கு அத்தகைய ஒருவர் இன்னும் வரவில்லை என்றே எண்ணுகிறேன். மின்சார ஃபியூஸ் கட்டையும் அகல் விளக்கும் கொலுப் பொம்மையும் செய்து ஊர் ஊராய் அனுப்பிய கைகளின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? கையால் செய்ய வராத, ஆனால் பார்க்கவும் எழுதவும் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுக்கும் இதில் ஒரு வேலை காத்திருக்கிறது.

ஒரு வாரம் கழித்து இருவரும் வந்தனர். இம்முறை தாயாரும் உடன் வந்தார். நவராத்திரிக்கு முன் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலை அவருடையது. நான் அறிந்தவற்றைச் சொன்னேன். சென்னையிலும், நமக்குக் கிட்டிய கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. சேர்வதற்குக் கைத்திறனையும் பார்ப்பார்கள். படிப்பு முடிந்தபின், சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் ஓவியம், சிற்பம், அச்சுப்படம், மண்கலை ஆகியவற்றுக்குப் பணிக்கூடங்கள் இருக்கின்றன. சொந்தமாய் உலை வைத்துக்கொள்ள இயலாதவர்கள் அனுமதி பெற்று அங்கே பணிசெய்யலாம். இவையெல்லாம் உண்மை. ஆயினும் கல்லூரியைவிட்டு வந்து பெயர் பெறும்வரை உள்ள ஐந்தாறு ஆண்டுகளுக்குச் சோறு எங்கே என்பதற்கு எந்தக் கல்லூரியும் பதில் வைத்திருக்கவில்லை என்றும் சொன்னேன். அந்த ஆண்டுகளைக் கடந்தவர்கள், விற்கும் ஒரு கைத்தொழிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறுகையால் கலையைச் செய்தார்கள் என்றும், அவர்களில் பெரும்பாலோர் தனியே இருக்கவில்லை, கூட்டமாய் இருந்தார்கள் என்றும் சொன்னேன்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, “அப்படியானால் அச்சு வார்ப்பதை நீ விட்டுவிடக் கூடாது” என்றார். விடுமுறைகளில் வந்து தம்மோடு வேலை செய்தால், மாலையில் அச்சில்லாமல் செய்யும் சாமான்களுக்கு உலையில் ஒரு தட்டு இடம் தருமாறு முதலாளியைக் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார். “காது வெடித்தது ஏன் தெரியுமா? ஒட்டிய மண் ஒரு பதம், ஒட்டிக்கொண்ட மண் ஒரு பதம். இரண்டும் ஒரே ஈரமாய் இருக்கவேண்டும்” என்று அங்கேயே, என் மேசைமேல், மகனுக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். பிள்ளை குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டான். தாயார் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, கண் மட்டும் சரியில்லை, பாட்டிக்கு இடது கண் கொஞ்சம் சிறியது என்றார்.

வரும் வியாழக்கிழமை கும்பகோணத்துக்கு விண்ணப்பத்தோடு போகிறோம். வழிச்செலவு அவர்களுடையது. சான்றிதழ்களுக்குக் கையொப்பம் வாங்க அலைவது என்னுடையது. இத்தகைய பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருந்தால், அவர்கள் வரைந்ததை எடுத்துக்கொண்டு ஞாயிறு திருப்பலிக்குப்பின் என்னை வந்து பாருங்கள்.